கூப்பிட்டபோது ஆயத்தமாய் இருந்தவர்



சென்ற ஆண்டு குறுவட்ட எறிபந்துப் போட்டியில் நம் அணியின் மாற்று ஆட்டக்காரிகளில் நானும் ஒருத்தி. எறிபந்தில் களத்தில் நிற்பவர் எழுவர். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடும் துண்டோடும் அமர்ந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முதல் அப்படி அமர்ந்தே எனக்குப் பழகிப்போயிற்று. போட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலிலேயே ஆச்சி கேட்பார்கள்: "ஏட்டி, இன்னைக்காவது ஒன்ன எறக்குனாங்களா?" "இல்லை ஆச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

சென்ற ஆண்டு அரையிறுதியில் நம் அணித்தோழி ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. பி.டி. டீச்சர் திரும்பி என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் நான் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, மர நிழலில் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தேன்! ஓடிவந்து, அரைகுறையாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு களத்தில் நின்றேன். வந்த முதல் பந்தே கையில் பட்டு நழுவியது. இரண்டாவதும் அப்படியே. ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

அன்றிரவு அண்ணன் சொன்னான்: "நாலு வருஷமாகக் கூப்பிடவில்லை என்று அழுதாய். கூப்பிட்டபோது நீ எங்கே இருந்தாய்? தினேஷ் கார்த்திக்கைப் பற்றித் தெரிந்துகொள். பிறகு பேசு." அந்தக் கிரிக்கெட் வீரரைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். கிரிக்கெட்டில் ஆர்வமில்லாத தோழியரும் தயைகூர்ந்து இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். இது வெற்றி வீரர் ஒருவரின் புகழ்மாலை அன்று. வாழ்நாளில் பெரும்பகுதியை இரண்டாம் ஆளாகக் கழித்த ஒருவரின் வரலாறு.

ஓர் அணிக்கு ஒரே இடம்

முதலில் அவருடைய தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் விக்கெட் கீப்பர். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால், மூன்று குச்சிகளையும் அடுத்துக் குந்தி நிற்பவர். பந்து தடுக்கும் பதினொருவரில் கையுறை அணிய உரிமையுள்ளவர் அவர் ஒருவரே. 50 ஓவர் ஆட்டம் என்றால் 300 பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் அவர் குந்தி எழ வேண்டும். அது தம் கைக்கு வரும் என்றே எண்ணி நிற்க வேண்டும். 299 பந்துகளைச் சரியாகப் பிடித்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டால் மைதானம் முழுவதும் பார்க்கும்.

இதைவிடக் கடினமானது இத்தொழிலின் கணக்கு. ஓர் அணியில் பந்து வீசுபவர் ஐந்து பேர் இருக்கலாம். மட்டையாளர் ஆறு ஏழு பேர் இருக்கலாம். கீப்பர் ஒருவர்தான். நாட்டிலேயே இரண்டாவது சிறந்த பந்து வீச்சாளருக்கு அணியில் இடம் உண்டு. நாட்டிலேயே இரண்டாவது சிறந்த கீப்பருக்கோ இடமே இல்லை. அவர் வெளியே அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்திலும் இதே நிலையை அறிந்து வியந்தேன். பெயர் கால்பந்து என்றாலும் அது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம். காலால் உதைப்பதற்கென்றே தனியாக ஓரிருவரை வைத்திருப்பார்கள். கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி சேர்ப்பவர் ஒருவர். பந்தை நெடுந்தூரம் உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுபவர் ஒருவர். அங்குள்ள பெரிய தொழில்முறை லீகில் 32 அணிகள். ஓர் அணியின் பட்டியலில் 53 பேர் இருந்தாலும் புள்ளிக்காக உதைப்பவர் பெரும்பாலும் ஒருவரே. இரண்டு மூன்று உதைகள் தவறினால் மறுவாரம் வேறொருவர் வந்துவிடுவார். ஆகவே இவர்களில் பலர் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக, அணி அணியாகச் சென்று பிழைப்பவர்கள்.

அவர்களுள் டென்மார்க் நாட்டில் பிறந்த மார்ட்டன் ஆண்டர்சன் என்பவர் 1977ஆம் ஆண்டு பள்ளி மாணவராக அமெரிக்காவுக்குச் சென்றவர். 25 பருவங்களில் ஐந்து அணிகளுக்காக 382 ஆட்டங்கள் ஆடினார். அந்த லீகில் அதைவிட அதிக ஆட்டங்கள் ஆடியவர் எவரும் இல்லை. 2005ஆம் ஆண்டு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் பயிற்சியை விட்டுவிடவில்லை. 2006இல், 46 வயதில், பழைய அணி ஒன்று மீண்டும் கூப்பிட்டது, போய் உதைத்தார்! கடல் கடந்த அந்த உதைப்பாளரும் நம் தமிழ்நாட்டுக் கீப்பரும் ஒரே தொழிற்சாதியினர் என்றால் மிகையாகாது.

மூன்றரை மாதம்

தினேஷ் கார்த்திக் 1985ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் சென்னையில் பிறந்தார். 2002இல், 17 வயதில், தமிழ்நாடு அணிக்கு ஆடத் தொடங்கினார். 2004 செப்டம்பர் 5ஆம் நாள், இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில், இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். அன்று ஹர்பஜன் சிங் வீசிய பந்தை இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வான் தவறவிட்டு முன்னே வர, கார்த்திக் நொடியில் குச்சிகளைத் தட்டி அவரை வெளியேற்றினார். 19 வயதுச் சிறுவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? அதே ஆண்டு நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைத்தது.

ஆனால் 2004 டிசம்பர் 23ஆம் நாள், வங்கதேசத்தின் சிட்டகாங் நகரில் இன்னொரு கீப்பர் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ராஞ்சியிலிருந்து வந்த அவர் பெயர் மகேந்திர சிங் தோனி. மேலும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? முதலில் வந்தவர் கார்த்திக். மூன்றரை மாதம் கழித்து வந்தவர் தோனி. ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகள் அந்த ஒற்றை இடம் தோனியுடையதாயிற்று. 2005 டிசம்பரில் நம் சென்னையிலேயே தோனியின் முதல் டெஸ்ட் நடந்தது. அதையும் சேர்த்து அவர் 90 டெஸ்டுகள் ஆடினார். கார்த்திக் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் 26.

இதில் யாருடைய தவறும் இல்லை. கார்த்திக் திறமையற்றவர் அல்லர். தோனி எவருடைய இடத்தையும் பறித்தவரும் அல்லர். ஒரே பிறவித் தலைமுறையில் இரண்டு நல்ல கீப்பர்கள் வந்துவிட்டார்கள், இடமோ ஒன்றுதான். வாழ்க்கையில் பல தோல்விகளுக்குக் குற்றவாளி யாருமே இருப்பதில்லை என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கிடைத்த வாசல் வழியே

இந்நிலையில் ஒருவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் மனம் சோர்ந்து ஒதுங்கியிருப்பர். கார்த்திக்கோ கையுறைக்கு இடமில்லை என்றால் மட்டைக்கு இடமுண்டா என்று பார்த்தார். 2006 டிசம்பர் 1ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியா தன் முதல் 20 ஓவர் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. அன்று ஆட்டமிழக்காமல் 31 ஓட்டங்கள் எடுத்து வெற்றி தேடித் தந்து ஆட்டநாயகன் ஆனவர் கார்த்திக்தான். பொது அறிவுப் போட்டிக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

2007ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் டெஸ்டுகளில் அவரைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள். அது அவருடைய வேலையே அன்று. புதுப் பந்து, குளிர் காற்று, வளைந்து வரும் பந்துவீச்சு! இருந்தும் மூன்று டெஸ்டுகளில் 263 ஓட்டங்கள் எடுத்தார். டெண்டுல்கர், திராவிட், கங்குலி, லட்சுமண் எல்லாரும் ஆடிய அத்தொடரில் இந்தியர்களில் மிகுதியாக ஓட்டம் எடுத்தவர் அவரே. 1986க்குப் பிறகு, 21 ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றதும் அப்போதுதான்.

அதுவும் நிலைக்கவில்லை. ஓட்டங்கள் குறைந்தன, இடம் போயிற்று. 2010 ஜனவரியில் தோனிக்குக் காயம் என்று ஒரு டெஸ்டில் ஆடினார். அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2018 ஜூன் 14ஆம் நாள், பெங்களூரில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக! அப்போதும் விருத்திமான் சாஹாவின் கைக்காயத்தால்தான் அழைப்பு வந்தது. நடுவே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் இந்தியா அவரில்லாமல் 87 டெஸ்டுகள் ஆடி முடித்திருந்தது. எட்டு ஆண்டுகள் என்றால், தோழியரே, நாம் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலம்.

அந்த எட்டு ஆண்டுகளும் அவர் கையுறையைக் கழற்றி வைத்திருக்கவில்லை. தமிழ்நாடு அணிக்காக ஊர் ஊராகச் சென்று, கூட்டமில்லாத மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தார். 2006–07ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான முதல் 20 ஓவர்ப் போட்டியில் அவர் தலைமையில் தமிழ்நாடு கோப்பை வென்றது. 2017இல் விஜய் ஹசாரே கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்காளத்துக்கு எதிராக 112 ஓட்டங்கள் எடுத்து வெற்றிக்கு வழி செய்தார். 2021 ஜனவரி 31ஆம் நாள் சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதியில் பரோடாவை வென்றபோதும் தமிழ்நாட்டின் தலைவர் அவரே.

நம் ஊர்ப்பக்கம் கிணற்று வசதியுள்ள விவசாயிகள், பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கும் முன்னரே பிசானத்துக்கு நாற்றுப் பாவி வைப்பார்கள். கால்வாயில் தண்ணீர் வந்தபின் பாவத் தொடங்கினால் பருவம் தப்பிவிடும் அல்லவா? கார்த்திக் உள்ளூர் ஆட்டங்களில் செய்ததும் அதுதான்.

ஏழு முறை மூட்டை கட்டியவர்

2008ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியது. வீரர்களை ஏலம் போட்டு எடுக்கும் இந்தப் போட்டியை நாம் அனைவரும் அறிவோம். இதில் 2008 முதல் 2024 வரை, 17 பருவங்களிலும் கார்த்திக் ஆடினார். ஆனால் எந்த ஊரில்?

முதல் மூன்று ஆண்டுகள் டெல்லி. 2011இல் பஞ்சாப். 2012, 2013இல் மும்பை. 2013இல் மும்பை கோப்பை வென்றபோது அவரும் அந்த அணியில் 510 ஓட்டங்கள் எடுத்திருந்தார். 2014இல் மறுபடியும் டெல்லி. 2015இல் பெங்களூர். 2016, 2017இல் குஜராத் லயன்ஸ். இரண்டே ஆண்டுகள் இருந்து மறைந்த அணி அது. 2018 முதல் 2021 வரை கொல்கத்தா. அங்கே இரண்டரை ஆண்டுகள் தலைவராகவும் இருந்தார். 2022 முதல் 2024 வரை மீண்டும் பெங்களூர். ஆறு அணிகள், ஏழு இடமாற்றங்கள். பிறந்து வளர்ந்த சென்னையின் அணிக்கு மட்டும் அவர் ஆடியதே இல்லை. சென்னை அணியின் கீப்பர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

அவருக்குக் கொடுத்த விலையைப் பார்த்தால் இத்தொழிலின் நிலையாமை விளங்கும். 2014இல் ரூ. 12.5 கோடி. 2015இல் ரூ. 10.5 கோடி. 2016இல் ரூ. 2.3 கோடி. 2018இல் ரூ. 7.4 கோடி. 2022இல் ரூ. 5.5 கோடி. இவை நமக்கு எட்டாத பெருந்தொகைகள் என்பது உண்மை. எனினும் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே மனிதர், ஒரே கைகள், ஒரே தொழில்; இரண்டே ஆண்டுகளில் விலை ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போகிறது! மதிப்பெண்ணைக் கொண்டே தன் மதிப்பை எடைபோடும் நம்மைப் போன்றவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். சந்தை விலை வேறு. ஒருவரின் தரம் வேறு. விலை இறங்கிய ஆண்டிலும் அவர் அதே கவனத்தோடுதான் குந்தி எழுந்திருப்பார்.

புதிய அணி என்றால் புதிய தலைவர், புதிய பந்து வீச்சாளர்கள். கீப்பருக்கு இது பெரிய சங்கடம். ஒவ்வொரு சுழற்பந்து வீச்சாளரின் விரலையும் மணிக்கட்டையும் படித்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளருக்கு முன்பே அவர் அறிய வேண்டும். பழகிய கையை விட்டுவிட்டு ஏழு முறை புதிய கைகளைப் படித்தவர் கார்த்திக்.

எட்டுப் பந்துகள்

இனி, அவர் பெயரைச் சொன்னவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் நாளுக்கு வருவோம். 2018 மார்ச் 18. கொழும்பு நகரின் பிரேமதாச மைதானம். இலங்கை விடுதலை பெற்று 70 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி நடந்த நிதஹாஸ் கோப்பையின் இறுதி ஆட்டம். தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்ததால் கார்த்திக் கீப்பராக இருந்தார். வங்கதேசம் 166 ஓட்டங்கள் எடுத்தது.

இந்தியா ஆடும்போது, வழக்கமான இடத்தில் கார்த்திக்கை இறக்காமல் தலைவர் ரோகித் சர்மா பின்னுக்கு நிறுத்தி வைத்தார். கடைசி ஓவர்களுக்கு அவர் வேண்டும் என்பது தலைவரின் கணக்கு. கார்த்திக்குக்கு அது வருத்தமாக இருந்தது என்று ரோகித்தே ஆட்டம் முடிந்தபின் சொன்னார். 18ஆவது ஓவரில் முஸ்தாபிசுர் ரஹ்மான் மட்டையிலிருந்து ஓர் ஓட்டமும் கொடாமல் ஒரு விக்கெட்டையும் எடுத்துவிட்டார். மீதி 12 பந்துகள். வேண்டியது 34 ஓட்டங்கள். அப்போதுதான் கார்த்திக் உள்ளே வந்தார்.

கண்ணைப் பழக்கிக்கொள்ள நேரமில்லை. ரூபெல் ஹுசைன் வீசிய முதல் பந்து: ஆறு. இரண்டாவது: நான்கு. மூன்றாவது: ஆறு. நான்காவதில் ஓட்டமில்லை. ஐந்தாவதில் இரண்டு. ஆறாவதில் மீண்டும் நான்கு. ஒரே ஓவரில் 22 ஓட்டங்கள்!

கடைசி ஓவரில் 12 வேண்டும். சௌம்ய சர்க்கார் வீசினார். விஜய் சங்கர் மறுமுனையில். ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் உயர அடித்துப் பிடிகொடுத்து வெளியேறினார். பந்து வானில் இருந்தபோதே இருவரும் குறுக்கே ஓடிக் கடந்துவிட்டதால், அந்நாளைய விதிப்படி கடைசிப் பந்தைச் சந்திக்கும் வாய்ப்பு கார்த்திக்குக்கு வந்தது. 2022 அக்டோபர் முதல் இவ்விதி மாறிவிட்டது. பிடிகொடுத்து ஒருவர் வெளியேறினால் புதிதாக வருபவரே அடுத்த பந்தை ஆட வேண்டும். இன்றைய விதி அன்று இருந்திருந்தால், அந்தக் கடைசிப் பந்தைக் கார்த்திக் மறுமுனையில் நின்று பார்த்திருப்பார்!

ஒரு பந்து, ஐந்து ஓட்டங்கள். வலப்புறம் விலகி வந்த பந்தை அவர் மட்டையை வீசி அடித்தார். பந்து உயரமாகப் போகவில்லை. தட்டையாகப் பறந்து எல்லைக் கயிற்றைத் தாண்டி விழுந்தது. ஆறு! 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். அணித்தோழர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

முதல் ஆட்டம் ஆடி 13 ஆண்டுகள் கழித்து வந்த எட்டுப் பந்துகள் அவை. பார்த்தவர்கள் "அதிர்ஷ்டம்" என்றனர். அதிர்ஷ்டம் அந்தக் கடைசிப் பந்தைத்தான் அவருக்குக் கொடுத்தது. ஆறு ஓட்டம் அதிர்ஷ்டம் கொடுத்ததன்று.

இனிப்பும் கசப்பும்

கதை இத்துடன் முடிந்தால் சுகமாக இருக்கும். உண்மை அப்படியில்லை. அதே 2018 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இரண்டு டெஸ்டுகள் கிடைத்தன. நான்கு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்டுக்கு ரிஷப் பந்த் என்ற இளைஞர் வந்துவிட்டார். கார்த்திக்கின் கடைசி டெஸ்ட் அதே லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. 14 ஆண்டுகளுக்கு முன் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடிய அதே இடம்.

2007ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்றும் ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் திரும்பிய அவர், 12 ஆண்டுகள் கழித்து 2019 ஜூலையில்தான் முதல் உலகக் கோப்பை ஆட்டம் ஆடினார். ஒரு வாரத்தில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதி. தொடக்க விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, ஐந்தாவதாக இறங்கிய கார்த்திக் 25 பந்துகளில் 6 ஓட்டங்களே எடுத்து வெளியேறினார். இந்தியா தோற்றது. ஆயத்தமாய் இருப்பவருக்கு எப்போதும் வெற்றி கிடைக்கும் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஆயத்தமாய் இருப்பது வெற்றிக்கு உறுதிச்சீட்டு அன்று. ஆயத்தமில்லாதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை என்பதே உண்மை.

முப்பத்தேழாம் வயதில்

2021ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தில் தொலைக்காட்சி வருணனையாளராக அமர்ந்தார். "இனி ஆட்டம் முடிந்தது, பேச்சு தொடங்கிவிட்டது" என்றே பலரும் எண்ணினர். அவர் வேறு எண்ணம் வைத்திருந்தார். 20 ஓவர் ஆட்டத்தில் கடைசி நான்கைந்து ஓவர்களில் மட்டும் இறங்கி ஆட்டத்தை முடித்து வைப்பவர் தேவை. பத்துப் பதினைந்து பந்துகளே கிடைக்கும். முதல் பந்திலிருந்தே அடிக்க வேண்டும். எல்லாரும் விரும்பாத இந்த வேலையை அவர் தம் வேலையாக்கிக்கொண்டார். பந்து வீச்சாளர் எங்கே வீசுவார், காவலர்கள் எங்கே நிற்பார்கள், காலியிடம் எது என்று கணக்கிட்டு, அந்த ஒரு சிறு வேலைக்கென்றே பயிற்சி செய்தார்.

2022இல் பெங்களூருக்காக 16 ஆட்டங்களில் 330 ஓட்டங்கள் எடுத்தார். அதாவது 100 பந்துகளுக்கு 183 ஓட்டங்கள் என்ற வேகம். மறுபடியும் இந்திய அணி அழைத்தது. 2022 ஜூன் 17ஆம் நாள் ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்துகளில் 55. இந்தியாவின் முதல் 20 ஓவர் ஆட்டத்தில் ஆட்டநாயகனாக இருந்தவர், அவ்வகை ஆட்டத்தில் தம் முதல் அரைச்சதத்தைப் பதினைந்தரை ஆண்டுகள் கழித்து, 37ஆம் வயதில் அடித்தார்! அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். அங்கே அவர் எதிர்பார்த்தவாறு ஓட்டங்கள் வரவில்லை. 2022 நவம்பர் 2ஆம் நாள் அடிலெய்டில் ஆடியதே இந்தியாவுக்கான கடைசி ஆட்டம்.

மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய மனைவி தீபிகா பல்லிக்கல், ஸ்குவாஷ் ஆட்டத்தில் உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண்மணி. 2021 அக்டோபரில் அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தனர். ஆறே மாதத்தில், 2022 ஏப்ரலில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த உலக இரட்டையர் போட்டியில், ஜோஷ்னா சின்னப்பாவோடு ஒன்றும் சௌரவ் கோசலோடு ஒன்றுமாக இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், "முடிந்துவிட்டது" என்று பிறர் எண்ணிய இருவர் திரும்பி வந்தனர்.

2024 மே மாதம் அகமதாபாத்தில் கார்த்திக் தம் கடைசி ஐ.பி.எல். ஆட்டத்தை ஆடினார். அணித்தோழர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினர். ஜூன் 1, தம் 39ஆவது பிறந்தநாளில், ஓய்வை அறிவித்தார். 26 டெஸ்டுகள், 94 ஒருநாள் ஆட்டங்கள், 60 இருபது ஓவர் ஆட்டங்கள் என இந்தியாவுக்காக 180 முறை களம் கண்டிருந்தார். பின்னர் பெங்களூர் அணிக்கே மட்டைப் பயிற்சியாளரானார். 2025 ஜூன் 3ஆம் நாள் அந்த அணி 18ஆவது பருவத்தில் தன் முதல் கோப்பையை வென்றபோது, அவர் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தார். கோட்டுக்கு வெளியே அமர்ந்து அணிக்கு உதவுவது அவருக்குப் புதிதா என்ன?

நிறைவாக

இதையெல்லாம் அறிந்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. களத்தில் இறக்குவதும் இறக்காததும் பிறர் கையில் இருக்கிறது. ஆயத்தமாய் இருப்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லாததற்காக நான்கு ஆண்டுகள் அழுத நான், என் கையில் இருந்ததை மர நிழலில் கழற்றி வைத்திருந்தேன்.

நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் தோழி, பேச்சுப் போட்டிக்கு இரண்டாம் பெயராக அனுப்பப்படும் தோழி, பாடற்குழுவில் கடைசி வரிசையில் நிற்கும் தோழி ஆகியோர் நம்மிடையே பலர் உண்டு. எல்லாரும் முதல்வராக முடியாது. ஓர் இடத்துக்கு ஒருவர்தான். இரண்டாம் ஆள் ஆயத்தமாய் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் முதல் ஆளும் அச்சமின்றி ஆடுகிறாள் என்பதை மறவாதிருப்போம்.

இந்த ஆண்டும் நான் மாற்று ஆட்டக்காரியாகத்தான் சென்றேன். தினமும் மாலை மற்றவர்களோடு சமமாகப் பந்து பிடித்துப் பழகியிருந்தேன். மூன்று ஆட்டங்கள் நடந்தன. ஒன்றில்கூட என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனதும் ஆச்சி வழக்கம்போலக் கேட்டார்கள்: "ஏட்டி, இன்னைக்காவது ஒன்ன எறக்குனாங்களா?"

"இல்லை ஆச்சி. ஆனா கடைசி வரைக்கும் ஷூவைக் கழற்றவே இல்லை" என்றேன்.

ஆச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் மட்டும் சிரித்தான்.